இரண்டு கடலும் ஒரு மலைச்சாலையும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சிம்பாங் பூலாயிலிருந்து ஸ்கூபா முக்குளிக்கப் போகிறவர்களுக்கு இரண்டு கடல் உண்டு. மேற்கே ஈப்போ வழியாக ஒன்றரை மணி நேரம் காடி ஓட்டினால் லூமுட். அங்கே மலாக்கா நீரிணை. கிழக்கே, ஊரிலிருந்தே தொடங்கும் 185-ஆம் கூட்டரசுச் சாலை கம்போங் ராஜா, லோஜிங், குவா மூசாங் என்று மலையேறி இறங்கித் திரங்கானுவுக்குள் நுழைகிறது. அதற்கப்பால் தென்சீனக் கடல். இரண்டும் வெதுவெதுப்பான கடல்தான். ஆண்டின் பெரும்பகுதி 28 முதல் 30 டிகிரி வெப்பம். மெல்லிய நீருடை ஒன்றே போதும். மற்றபடி இரண்டுக்கும் ஒற்றுமை குறைவு. ஒன்று கலங்கல், மற்றது தெளிவு. ஒன்றில் நீரோட்டம் மணிக்கணக்கில் மாறும், மற்றதில் காற்று மாதக்கணக்கில் ஆளும்.

கிழக்குக் கடலைப் பூட்டித் திறப்பது வடகிழக்குப் பருவக்காற்று. நவம்பரில் தீவுகளுக்குப் போகும் படகுகள் குறைந்து நின்றுவிடும், விடுதிகள் கதவடைக்கும், பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோதான் மீண்டும் ஆள் நடமாட்டம். அந்த மாதங்களில் மேற்குக் கரைக்குத் தித்திவாங்சா மலைத்தொடர் காவலாக நிற்கிறது. மே முதல் செப்டம்பர் வரை நிலைமை மாறும். அப்போது சுமத்ராப் பக்கமிருந்து விடியலுக்கு முன் திடீரென்று கிளம்பி வரும் சூறை, லூமுட் படகுகளை ஒன்றிரண்டு மணி நேரம் அலைக்கழித்துவிட்டுப் போகும். இத்தொழிலில் நெடுநாள் இருப்பவர்கள் ஆண்டை இப்படித்தான் பிரித்துக்கொள்கிறார்கள்: ஏப்ரல் முதல் அக்டோபர் தொடக்கம் வரை கிழக்கு, மிச்ச மாதங்களில் மேற்கு. பேராக்கின் கடலை முக்குளிப்புக்கு ஆகாதது என்று ஒதுக்கி, கிழக்குக் கரை திறக்கும் வரை உபகரணத்தைக் கட்டி வைத்துவிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் இழப்பது அதிகம்.

மேற்கில் முதலில் படிக்க வேண்டியது நிலாவை. நீரிணையில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு மிகுந்து, தீவுகளுக்கு இடையே தண்ணீர் ஆறாக ஓடும். அந்த ஓட்டம் அடிச்சேற்றையும் கிளப்பிவிடும். நீட்டிய கையின் விரல் தெரியாத நாளும் உண்டு. பாதி நிலா நாட்களில் இந்த வேறுபாடு சுருங்கும். ஓட்டம் தளர்ந்து, சேறு படிந்து, நீர் ஓரளவு தெளியும். மலாய்ப் படகோட்டிகள் இதை ‘ஆயர் மாத்தி’ என்பார்கள். தமிழ்ப் பஞ்சாங்கத்தில் அது ஏறக்குறைய அஷ்டமி, நவமி, தசமி. சுபகாரியத்துக்கு ஆகாது என்று வீட்டில் தள்ளி வைக்கும் அஷ்டமியும் நவமியும்தாம் லூமுட்டுக்கு அப்பாலுள்ள செம்பிலான் தீவுகளில் இறங்க ஏற்ற நாட்கள். மாறாக, பங்கோர் தீவின் சுங்கை பினாங் கெச்சிலில் கடலைப் பார்த்து நிற்கும் ஸ்ரீ பத்திரகாளியம்மன் கோயிலுக்கு மாசி மகத்தன்று பேராக் முழுவதிலிருந்தும் கூட்டம் திரளும்; அது பௌர்ணமியை ஒட்டிய நாள். சாமி கும்பிட்ட கையோடு மறுநாள் முக்குளிக்கலாம் என்று சிலிண்டர் ஏற்றிக்கொண்டு வருகிறவர்களைப் படகோட்டிகள் திருப்பி அனுப்புவதற்குக் காரணம் இதுதான்.

நல்ல நாளிலும் இறங்கும் நேரத்தைக் கணக்கிட்டாக வேண்டும். ஏற்றம் நின்று வற்றம் தொடங்குவதற்கு இடையில் தண்ணீர் அசையாமல் நிற்கும் இடைவெளி குறுகியது. ஓட்ட அட்டவணை லூமுட் துறைமுகத்துக்கானது; தீவுப் பாறைகளில் அந்த நேரம் சற்று முன்பின் ஆகும். அனுபவமுள்ளவர்கள் அட்டவணையைப் பார்த்து ஓர் உத்தேச நேரம் வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் படகின் நங்கூரக் கயிற்றிலிருந்து தெரிந்துகொள்கிறார்கள். கயிறு விறைப்பு விட்டுத் தொங்கத் தொடங்கினால் உடை மாட்டலாம்.

பங்கோருக்குத் தெற்கே இருக்கும் செம்பிலான் தீவுகள், பெயருக்கேற்ப ஒன்பது. ரும்பியா, லாலாங், சாகா, நிப்பிஸ், பூலோ, ஆகாஸ், பாயோங் ஆகியவற்றோடு இரண்டு பாறைத் திட்டுகள். சீன அட்மிரல் செங் ஹோவின் கப்பற்படை 1409-இல் ஆள் அனுப்பி அகில் வெட்டி எடுத்ததாகப் பழைய சீனக் குறிப்பு ஒன்று சொல்லும் ஒன்பது தீவுகள் இவையே என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மேலே காடு, ஓரமாக மணல், அதற்குக் கீழே உருண்டை உருண்டையாகக் கிடக்கும் கருங்கற்கள். முக்குளிப்பு நடப்பது பெரும்பாலும் இந்தக் கற்களின் சரிவில். மூன்று முதல் ஐந்து மீட்டர் தூரம் கண் தெரிந்தால் அது நல்ல நாள்.

கலங்கல் நீரின் உயிரினங்கள் வேறு வகை. கல் பவளம் வெளிச்சத்தை நம்பி வாழ்வது. ஆகவே இங்கே அது ஆழம் குறைந்த மேல்விளிம்போடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே மென்பவளம், சவுக்குப் பவளம், கடல்விசிறி, கடற்பஞ்சு எல்லாம் நெருக்கமாக ஒட்டியிருக்கும். ஓடும் தண்ணீரில் மிதந்து வரும் நுண்ணுயிரைப் பிடித்துத் தின்பவை இவை. மற்ற இடத்தில் குறையாகத் தெரியும் கலங்கல்தான் இவற்றுக்கு உணவு. கற்களின் இடுக்கில் கலவா மீன் வாயைத் திறந்து மூடியபடி நிற்கும். மூங்கில் சுறா பகலில் பாறைக்கடியில் சுருண்டு கிடக்கும். விளக்கடித்தால் வால் மட்டும் தெரியும். கணவாய்கள் இணை சேரும் காலத்தில் ஆண்கள் உடம்பின் வரியை மாற்றி மாற்றிக் காட்டிப் போட்டியிடும். கெளிறு இனத்துக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒரே பந்தாக உருண்டு மணலைக் கிளறிக்கொண்டே போகும். அவற்றின் முள் விஷமுள்ளது, கை வைக்கக்கூடாது. ஓடில்லாத கடல் நத்தைகளைத் தேட இதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. தூரத்துக் காட்சி இல்லாததால் கண் தானாகவே கைக்கெட்டும் தூரத்தில் தங்கிவிடுகிறது. விரல் நகத்தளவு உயிரையும் விட்டுவிடாமல் பார்க்கும் பழக்கம் இங்கேதான் படிகிறது.

நீரோட்டம் திரும்பப் போவதை முதலில் சொல்வதும் இந்த மென்பவளங்கள்தாம். தண்ணீர் நிற்கும்போது அவை உடம்பிலுள்ள நீரை விட்டுவிட்டு, வாடிய கீரைக்கட்டைப் போலப் பாறையில் சரிந்து கிடக்கும். ஓட்டம் தொடங்கும் நேரம் நெருங்க, முதலில் தண்டு நிமிரும். பிறகு கிளை கிளையாக உப்பி, நுனியில் வெள்ளைச் சிறு விரல்கள் விரியும். ஊதாவும் ஆரஞ்சுமாகப் பாறை முகம் முழுவதும் பூத்துவிடும். புதிதாக வருகிறவர்கள் அந்த அழகைப் படமெடுக்கத் தொடங்கும் நொடியில், வழிகாட்டி கட்டை விரலை மேலே காட்டியிருப்பார். சவுக்குப் பவளங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய ஆரம்பித்துவிட்டால், படகு நிற்கும் இடத்துக்கு எதிர்நீச்சல் போட்டுத் திரும்புவது நடக்காது.

இரவில் இந்தத் தீவுக் கரைகளில் அலை நீலமாக ஒளிர்வது அண்மைக் காலத்தில் பெரும் கூட்டத்தை இழுக்கிறது. அசைத்தால் ஒளிவிடும் நுண்ணுயிர்களின் வேலை அது. விளக்கை அணைத்துவிட்டு நீருக்கடியில் கையை வீசினால் விரலிடுக்கில் பொறி பறக்கும். அதே வெதுவெதுப்பான நீரில் பெட்டி வடிவச் சொறிமீனும் வரும். மேற்குக் கரையின் உண்மையான ஆபத்து சுறா அல்ல, இதுதான். முழுக்கை உடையும், படகில் ஒரு போத்தல் புளிக்காடியும் இல்லாமல் இரவில் இறங்குவது தவறு.

பேராக் கடலின் கலங்கலுக்கு நீரோட்டம் பாதிக் காரணம், மறுபாதி ஆறு. சிம்பாங் பூலாய் பக்கத்தில் ஓடும் ராயா ஆறு கிந்தாவில் சேர்கிறது. கிந்தா பேராக் ஆற்றில் கலக்கிறது. பேராக் ஆறு பாகான் டத்தோவில் கடலாகிறது. செம்பிலான் தீவுகள் அந்த முகத்துவாரத்துக்கு எதிரேதான் இருக்கின்றன. கிந்தாப் பள்ளத்தாக்கு உலகுக்கு ஈயம் கொடுத்த காலம் முழுக்க, ஈயம் அலசிய சேறு இந்த வழியாகவே இறங்கியது. 1985-இல் ஈய விலை சரிந்து, லம்பங்கள் எனப்படும் ஈயச் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆனால் ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறியபோது வெட்டப்பட்ட மண், மலைச்சரிவுக் காய்கறித் தோட்டங்களின் மண் என்று வேறு மண் இறங்கத் தொடங்கியது. கனமழைக்குப் பின் ராயா ஆறு செம்மண் நிறத்தில் ஓடுவதைச் சாலைப் பாலத்திலிருந்து பார்க்கிறவர்கள், அடுத்த சில நாட்களுக்கான முக்குளிப்பைத் தள்ளிவைத்துவிடலாம். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் நீச்சல் பழகியதும் அந்த லம்பங்கள் விட்டுப்போன ஈயக்குட்டைகளில்தான். அடி தெரியாத நீருக்கு அவர்கள் பயப்படுவதில்லை. அந்தப் பயமின்மை பயிற்சியால் அடக்கப்பட வேண்டிய ஒன்று, ஏனென்றால் அந்தக் குட்டைகள் உயிர்களையும் வாங்கியிருக்கின்றன.

மண் எட்டாத இடம் ஒன்று பேராக்கில் உண்டு. நீரிணையின் நடுப்பகுதியை நோக்கித் தனியாக நிற்கும் ஜாராக் தீவு. ஊர் கிடையாது, கடற்கரை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. செங்குத்தான காடும் பாறையும்தான். அங்கே தண்ணீர் நீலமாக இருக்கும். கல் பவளம் ஆழம் வரை இறங்கும். சீலாக் கூட்டமும் பாறை மீன்களும் திறந்த கடலிலிருந்து வந்து சுற்றும். தூண்டில்காரர்களுக்கு இந்தத் தீவு முன்பே தெரியும்; முக்குளிப்பவர்கள் அவர்களுடைய படகில் இடம் பிடித்துத்தான் முதலில் போனார்கள். ஒதுங்க இடமில்லாததால் வானிலை மாறினால் திரும்பி ஓட வேண்டியதுதான். கப்பல்கள் ஓயாமல் போகும் நீர்வழி பக்கத்தில் இருப்பதால், மேலே வரும்போது நிறமிதவையை முதலில் அனுப்பாமல் தலையை நீட்டுவது அங்கே மன்னிக்க முடியாத செயல்.

கிழக்குக் கரைக்குப் போகும் கதை சாலையின் கதை. 1982-இல் கிரிக்–ஜெலி கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை திறக்கும் வரை பேராக்கிலிருந்து கிளந்தானுக்கும் திரங்கானுவுக்கும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். 185-ஆம் சாலை 2000-களின் தொடக்கத்தில் குவா மூசாங்கைத் தொட்டபோது, சிம்பாங் பூலாய் திடீரென்று கடலுக்குப் போகும் வழியின் வாசலாயிற்று. நள்ளிரவில் கிளம்பினால் காலையில் திரங்கானுவின் கோல பெசுட்டில் பசியாறலாம். 1980-களில் அங்கிருந்து பெர்ஹெந்தியான் தீவுகளுக்கு மீன்பிடிப் படகில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குலுங்கியாக வேண்டும். தங்குவதற்கு ஓலைக் குடில், மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டர் விளக்கு. பிறகு விரைவுப் படகு வந்து பயணத்தை அரை மணி, முக்கால் மணியாக்கியது. தீவின் மீனவர்கள் வலையை விட்டுப் படகோட்டிகளானார்கள். அவர்கள் பிள்ளைகள் சிலிண்டர் தூக்கத் தொடங்கி, பயிற்றுநர்களாகவும் ஆனார்கள். எந்தப் பாறையில் எந்த மீன் என்பதை அவர்களிடம்தான் மற்றவர்கள் கற்றார்கள்.

கிழக்கில் பதினைந்து, இருபது மீட்டர் கண் தெரிவது இயல்பு. பெர்ஹெந்தியானின் தோக்கோங் லாவுட், கடலடியிலிருந்து கோபுரமாய் எழும்பும் ஒரு பாறை. அதன் முகமெங்கும் கடற்சாமந்தி, அதற்குள் கோமாளி மீன், உச்சியில் மஞ்சள்வால் மீன்களின் திரை. தெரும்பு தீகாவில் பெரும்பாறைகளுக்கு இடையே நீந்திப் போகும் சந்துகள். 2000-ஆம் ஆண்டு சர்க்கரை ஏற்றி வந்து மூழ்கிய சரக்குக் கப்பல், ஏறத்தாழ பதினெட்டு மீட்டர் ஆழத்தில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. சர்க்கரை கரைந்துபோக, அதன் கூட்டில் மூங்கில் சுறாவும் சிங்கமீனும் முள்ளம்பன்றி மீனும் குடியேறின. ரெடாங் தீவின் பாறைத் திட்டுகளில் நீரோட்டம் கூடுதல், மீன்களும் பெரியவை. கிளிமீன்கள் பவளத்தைக் கடித்து நொறுக்கும் ஓசை நீருக்கடியில் காதில் விழும். அந்தத் தீவுகளின் வெள்ளை மணலில் ஒரு பங்கு அவை கழிக்கும் பொடிதான்.

சுறாவைக் கண்டு பதறுகிறவர்கள் கவனிக்க வேண்டியது டைட்டன் கிளாத்தியை. முக்கால் மீட்டர் வரை வளரும், பல் வலுவான மீன். மணலில் குழி பறித்து முட்டையிட்ட காலத்தில், குழிக்கு மேலே புனல்போல விரியும் நீர்ப்பரப்பு முழுவதும் தனக்கே சொந்தம் என்று காவல் காக்கும். முதுகு முள்ளை நிமிர்த்துவது எச்சரிக்கை. மேலே எழும்பித் தப்ப நினைப்பவர் அதன் எல்லைக்குள்ளேயே போகிறார். துடுப்பை அதன் பக்கம் நீட்டி வைத்துக்கொண்டு கிடைமட்டமாக விலகுவதே சரி.

ரெடாங் நீர்ப்பகுதியில் மீன்பிடிக்கு 1983-இலேயே தடை வந்தது. 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் கடல் பூங்கா அமைக்க வழி செய்தது. 1994-இல் வெளியான ஆணை கெடா, திரங்கானு, பகாங், ஜொகூர், லாபுவான் தீவுகளைச் சுற்றிக் கரையிலிருந்து இரண்டு கடல் மைல் வரை பூங்காவாக்கியது. மீன்பிடிப்பதும் பவளத்தை உடைப்பதும் அங்கே குற்றம். நங்கூரத்தைப் பவளத்தில் போடாமல் மிதவைகளில் படகு கட்டும் வழக்கம் வந்தது. இந்த ஒரு மாற்றம் எத்தனை பாறைகளைக் காப்பாற்றியது என்பதை முன்னும் பின்னும் பார்த்தவர்கள் அறிவார்கள். அந்த ஆணையில் பேராக்கின் தீவு எதுவும் இல்லை. செம்பிலானின் மென்பவளச் சரிவுகளில் சிக்கிக் கிடக்கும் இழுவலைத் துண்டுகளை அறுத்தெடுப்பது இன்றும் தொண்டர்கள் கையில் இருக்கிறது. கலங்கல் நீரில் காட்சி குறைவு என்பது பாதுகாப்பைக் குறைப்பதற்குக் காரணமாகாது. அங்கிருப்பவை தெளிந்த கடலில் இல்லாதவை.

சட்டம் தடுக்க முடியாதது வெப்பம். கல் பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் உணவும் தருகிறது. கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் பாசியை வெளியேற்றிவிடும், வெளுத்துப்போகும். வெளுத்தது செத்ததாகாது; விரைவில் குளிர்ந்தால் பாசி திரும்பும். 1998-இல் இது நடந்தபோது மலேசியாவில் பலர் அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை. 2010-இல் தண்ணீர் மீண்டும் சூடேறியபோது அரசு ஜூலை முதல் அக்டோபர் வரை ரெடாங், தியோமான் உள்ளிட்ட தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை மூடியது. வருமானம் போகிறதே என்ற குறை எழுந்தாலும், அது சரியான முடிவு. வெளுத்த பவளத்தின் மேல் மணலைக் கிளப்பும் ஒவ்வொரு துடுப்பும் அதன் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. 2024-இல் உலகெங்கும் வெளுத்தபோது கிழக்குக் கரைத் தீவுகளும் தப்பவில்லை. கிளைப்பவளங்கள் முதலில் போயின. உருண்டைப் பவளங்கள் தாக்குப்பிடித்தன. 2007 முதல் இயங்கும் ரீஃப் செக் மலேசியா, தொண்டு முக்குளிப்பவர்களைக் கொண்டு ஆண்டுதோறும் அளவெடுக்கிறது. நாடாவை விரித்து அரை மீட்டருக்கு ஒரு புள்ளியில் கீழே இருப்பது உயிர்ப்பவளமா, செத்ததா, மணலா என்று பலகையில் குறிக்கும் வேலை அது.

ஆமைகளின் கணக்கு இன்னும் கடுமையானது. 1950-களில் திரங்கானுவின் ரந்தாவ் ஆபாங் கடற்கரையில் தோல்முதுகுப் பேராமை ஆண்டுக்குப் பத்தாயிரம் அளவில் முட்டைக்குழி தோண்டியது. இன்று அது வருவதே அபூர்வம். முட்டை தின்னும் பழக்கமும் வலையும் சேர்ந்து முடித்த வேலை. திரங்கானு எல்லா ஆமை முட்டைகளின் விற்பனையையும் தடைசெய்தது 2022-இல்தான். ரெடாங்கின் சாகார் ஹுத்தாங்கில் திரங்கானு மலேசியப் பல்கலைக்கழகம் 1990-கள் முதல் காவல் காத்ததால் பச்சை ஆமை அங்கே நிலைத்திருக்கிறது. லூமுட்டுக்கு வடக்கே செகாரியிலும் பச்சை ஆமைக்கு ஒரு காப்பகம் உண்டு. சிம்பாங் பூலாய்ப் பிள்ளைகளுக்கு அதுவே பக்கம்.

உபகரணம் பெரிதாக மாறவில்லை, கணக்குதான் மாறியது. பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகும், சுவாசிக்கும் காற்றில் நைட்ரஜன் உடம்பில் கூடுதலாகக் கரையும். முன்பு இதைப் பிளாஸ்டிக் அட்டவணையில் விரல் வைத்துப் பார்ப்பார்கள். இப்போது மணிக்கட்டுக் கணினி சொல்கிறது. 200 பார் நிரப்பிய அலுமினிய சிலிண்டர், தொடக்கச் சான்றிதழுக்கு 18 மீட்டர், அடுத்ததற்கு 30 மீட்டர், ஏறும் வழியில் ஐந்து மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தம்: இவை எல்லாக் கடலுக்கும் பொது. பேராக்குக்காரர்களுக்கு மட்டும் இன்னொரு கணக்கு உண்டு. அது மலை.

முக்குளித்த பின் உடனே விமானம் ஏறக்கூடாது என்பது பலருக்கும் தெரியும். ஒன்றுக்கு மேல் இறங்கியவர் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். காற்றழுத்தம் குறையும்போது கரைந்த நைட்ரஜன் குமிழாகும். காடியில் மலையேறினாலும் அதேதான். 185-ஆம் சாலை 1300 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. கிரிக் வழிச் சாலை ஏறத்தாழ 1000 மீட்டர். கோலாலம்பூர் வழியாகச் சுற்றினாலும் காராக் நெடுஞ்சாலையின் கெந்திங் செம்பா உண்டு. தெற்கே வெகுதூரம் போய் வளைந்தாலொழிய, தித்திவாங்சாவைத் தாண்டாமல் கிழக்கிலிருந்து வீடு திரும்ப வழியில்லை. ஞாயிறு காலை இரண்டு முறை இறங்கிவிட்டு, பகல் படகில் கோல பெசுட் வந்து, மாலையே மலையேறிவிடுவது வார இறுதிக்காரர்களின் பழைய பழக்கம். லோஜிங்கில் தேநீருக்கு நிறுத்தும்போது தோளில் வலி, விரலில் மரமரப்பு, காரணமில்லாத களைப்பு. சிலிண்டர் தூக்கியதால் என்று தைலம் தேய்த்துக்கொள்வார்கள். கடைசி முக்குளிப்பைச் சனிக்கிழமை பகலோடு முடித்து, ஞாயிறு பகலுக்குப் பிறகே மலையேறும் ஒழுங்கைச் சில குழுக்கள் பிடித்துக்கொண்டன. ஞாயிறு காலையில் மூச்சுக்குழலோடு கரையோரம் மிதந்தால் போதும். கருநுனிச் சுறாக்குட்டிகள் எப்படியும் முட்டளவு நீருக்குத்தான் வருகின்றன.

அறிகுறி தோன்றிய பிறகு மேலும் ஏறுவது நோயை முற்றவைக்கும். மலைக்கு முன்னரே தெரிந்தால் தாழ்நிலத்திலேயே தங்கி, தூய ஆக்சிஜன் கொடுத்து, அருகிலுள்ள மருத்துவமனையிலிருந்து அழுத்த அறை உள்ள இடத்தைக் கேட்டறிய வேண்டும். சிம்பாங் பூலாய்க்கு மிக அருகே அத்தகைய அறை இருப்பது லூமுட் கடற்படைத் தளத்தின் ஆயுதப்படை மருத்துவமனையில். நீரடி மருத்துவத்துக்கென்றே அங்கே ஒரு பிரிவு இயங்குகிறது. அங்கே போகிறவர் கையில் கொண்டுபோக வேண்டியது மணிக்கட்டுக் கணினி. எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம், எப்போது மேலே வந்தார், எந்தச் சாலையில் எவ்வளவு உயரம் ஏறினார், வலி எந்த இடத்தில் எப்போது தொடங்கியது என்று மருத்துவர் அந்த வரிசையிலேயே கேட்பார்.